புதிதாக வந்த ஏபிஏ (ஆட்டிசக் குழந்தைகளுக்கான நடத்தைப் பயிற்சி) தெரபிஸ்டுகளுக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் குழந்தை முன்னால் உட்கார்ந்ததும் சொதப்புகிறார்கள். எப்படிப் பயிற்சி கொடுப்பது?

"எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேயே இடிக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஏதோ ஒரு சின்ன ஊர் மையத்தில் சீனியர் தெரபிஸ்ட். போன மாதம் வரை குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று இரண்டு புது ஆட்களைக் கொண்டுவந்து "நீயே பார்த்துக்கோம்மா" என்று தலையில் கட்டிவிட்டார்கள். சம்பளம் ஏறியிருக்காது, உங்கள் குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்திருக்காது. இப்படித்தான் இருக்கும் என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

நான் தருமபுரியில் இந்த வேலையில் இருக்கிறேன், ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற சிறப்புக் கல்வியாளர். "பிசிபிஏ இல்லாத நீ எப்படி சூப்பர்வைசர்?" என்று கேட்க ஒருவராவது வருவார். அவருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பிசிபிஏ என்பது பிஹேவியர் அனலிஸ்டுகளுக்கான சான்றிதழ். அதைத் தரும் அமெரிக்க அமைப்பான பிஏசிபி, 2023 முதல் இந்தியாவிலிருந்து புது விண்ணப்பங்களை வாங்குவதில்லை. நம் ஊர் ஆர்சிஐயின் தொழில் பட்டியலிலோ பிஹேவியர் அனலிஸ்ட் என்று ஒரு பிரிவே கிடையாது. அதற்காகப் பாலக்கோட்டுக் குழந்தை காத்திருக்குமா? உளவியலும் சிறப்புக் கல்வியும் படித்தவர்களை எடுத்து நாங்கள்தான் பழக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு மேலே ஒரு பிசிபிஏ ஆன்லைனில் பார்க்கிறார். இதைவிட நல்ல ஏற்பாடு உங்களிடம் இருந்தால் சந்தோஷம், கீழே எழுதுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். களி கிண்டுவதை வாயால் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அளவு, தணல், துடுப்பு பிடிக்கும் விதம் எல்லாம் ஒப்பிக்க வந்துவிடும், சட்டியில் கட்டி கட்டியாக நிற்கும். உங்கள் ட்ரெய்னிகளுக்கு நடப்பதும் அதுதான்.

பிஹேவியரல் ஸ்கில்ஸ் டிரெய்னிங் என்று நம் துறையிலேயே இதற்கு ஒரு முறை இருக்கிறது. சொல்வது, செய்து காட்டுவது, செய்ய வைப்பது, பார்த்துத் திருத்துவது. பெரும்பாலான மையங்களில் பவர்பாயிண்ட் போட்டு முதலாவதை முடிப்பார்கள். "போய் அந்த அக்கா செஷனைப் பார்" என்று சொன்னால் இரண்டாவதும் முடிந்தது. மறுநாளே குழந்தையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவதையும் நான்காவதையும் சரியாக வரும்வரை மாற்றி மாற்றிச் செய்வதுதான் பயிற்சி. முதல் இரண்டும் அதற்கு முன்னுரை.

எங்களிடம் அரூர் பக்கத்துப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். பி.எஸ்சி. உளவியல், அதற்குமேல் 40 மணி நேர ஆர்பிடி (பிசிபிஏவின் மேற்பார்வையில் குழந்தையோடு நேரடியாக வேலை செய்பவர்) கோர்ஸை ஆன்லைனில் முடித்த சான்றிதழ். தியரி எல்லாம் தண்ணிபட்ட பாடு. அவளுக்கு ஒரு ஐந்து வயதுப் பையனைக் கொடுத்திருந்தது. மேசையில் மூன்று படஅட்டை வைத்து "பஸ் எங்க?" என்று கேட்டால் அவன் பஸ் படத்தைத் தொட வேண்டும். ஷீட்டில் 10க்கு 9, மறுநாள் 10க்கு 10. கிராஃப் ஏறிக்கொண்டே போனது. பையனின் அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "டீச்சர், ஊட்ல கேட்டா ஒண்ணுமே காட்ட மாட்டேங்கறான். என் மூஞ்சியவே பாத்துட்டு ஒக்காந்திருக்கான்."

மையத்தில் எல்லோரிடமும் இதற்கு விளக்கம் தயாராக இருந்தது: வீட்டில் அம்மா ஒழுங்காகச் செய்வதில்லை. இது பழைய வியாதி. 1950, 60களில் ஆட்டிசம் வருவதற்கே அம்மாவின் பாசக்குறைவுதான் காரணம் என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதினார்கள். அந்த வாசனை இன்னும் போகவில்லை.

நான் போய் அறை மூலையில் உட்கார்ந்தேன். வழக்கப்படி அவளும் நானும் தனித்தனித் தாளில் மார்க் போட்டோம். ஒத்துப்போனவற்றை மொத்தத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வரும் சதவீதம் 80க்கு மேல் இருந்தால் டேட்டாவை நம்பலாம் என்பது வழக்கம். எங்களுக்கு 100 வந்தது. பெண் பொய் எழுதவில்லை, பையன் நிஜமாகவே பஸ்ஸைத்தான் தொட்டான். நிறைய சூப்பர்வைசர்கள் இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவார்கள்.

நான் பையனை விட்டுவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தேன். கேள்வி வாயிலிருந்து வரும் முன்பே அவள் கண் சரியான அட்டைக்குப் போய்த் திரும்பியது. அந்த அட்டையைத்தான் எப்போதும் கடைசியாக மேசையில் வைத்தாள். அவன் தப்பான அட்டைப் பக்கம் கையைக் கொண்டுபோனால் இவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள், அவன் கையை மாற்றிக்கொள்வான். படத்தை அவன் பார்க்கவே இல்லை, அவளைப் படித்துக்கொண்டிருந்தான். ஆட்டிசக் குழந்தை முகம் பார்க்காது என்று எவர் சொன்னாரோ! அம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அந்த அம்மாவுக்கு விடை தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நூறு வருடத்துக்கு முந்தைய கதை இது. ஜெர்மனியில் கணக்குப் போடும் குதிரை என்று பேர் வாங்கிய ஹான்ஸ், கேள்வி கேட்பவரின் தலை அசைவைப் பார்த்துத்தான் குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று 1907இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "தெரியும் மேடம், எக்ஸாம்ல ஃபைவ் மார்க்" என்றாள். சொல்லிக் கொடுப்பதன் மகிமை இவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் குழந்தைகள் போனபிறகு நான் பையனானேன், அவள் டீச்சர். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கண் எங்கே போகிறதோ அந்த அட்டையைத் தொட்டேன். கேள்வி கேட்பதற்கு முன்பே தொட்டேன். நாலைந்து தடவை ஆனதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அட்டையைத் தூக்கி எறிந்தேன், மேசைக்கு அடியில் புகுந்தேன், கத்தினேன். கூட்ட வந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு "மேடத்துக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்படிக் கோமாளித்தனம் செய்யக் கூச்சப்படுகிறவருக்கு இந்த வேலை கஷ்டம். ட்ரெய்னி தப்பு செய்வதாக இருந்தால் அதை என் மேல் செய்யட்டும், குழந்தையின் நேரத்தில் வேண்டாம்.

மாற்றியது சின்ன விஷயங்கள்தான். எந்த அட்டை எந்த இடத்தில் என்று முன்கூட்டியே எழுதிய வரிசை, கேட்கும்போது கண் பையனின் நெற்றியில். மறுநாள் மார்க் 10க்கு 3. மூன்று அட்டையில் குருட்டாம்போக்காகத் தொட்டாலே அவ்வளவு வரும். அவள் அழுதுவிட்டாள். அதைவிட நிர்வாகத்துக்குத்தான் பதற்றம், "கிராஃப் இறங்கினா பேரன்ட்ஸ் கேப்பாங்களே!" நான் அந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன். "நான்தான் அப்பவே சொன்னனே டீச்சர்" என்றார், கோபம்கூட இல்லை. பிறகு மார்க் மெதுவாக ஏறியது, இந்த முறை வீட்டிலும் காட்டினான்.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு என் பதில்: குழந்தையின் மார்க்கைப் பார்ப்பதற்கு முன் ட்ரெய்னிக்கு மார்க் போடுங்கள். ஒரு தாளில் பத்து வரி போதும். குழந்தை தயாரானபின் கேட்டாரா, ஒரே தடவை கேட்டாரா அல்லது "சொல்லு சொல்லு சொல்லு" என்று நச்சரித்தாரா, உதவியைத் திட்டத்தில் உள்ளபடி கொடுத்தாரா, சரியாகச் செய்ததும் உடனே பிடித்த பொருள் கைக்கு வந்ததா, கத்தினதும் சிப்ஸ் கொடுத்துச் சமாதானம் செய்தாரா, உதவியோடு செய்ததைத் தானாகச் செய்ததாக எழுதினாரா. இந்தத் தாளில் தேறாதவரின் டேட்டாவை வைத்துப் பாடத்தை மாற்றாதீர்கள். திருத்தம் அன்றைக்கே, பெற்றோர் இல்லாத இடத்தில், செய்த காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்லப்பட வேண்டும். "நல்லா பண்ணே", "இன்னும் கவனமா இரு" இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் ஒன்றுமில்லை.

வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டுவதும் உதவும், பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியபின். தெரபி அறையில் அழும் குழந்தையை ரீல்ஸ் போடுகிற மையங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

ஏபிஏ என்றாலே குழந்தையை நாய்க்குட்டி மாதிரி பழக்குவது என்று சொல்ல வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1960களில், இந்த முறையை ஆட்டிசக் குழந்தைகளிடம் பரப்பிய அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் காலத்தில் அறையும் மின் அதிர்ச்சியும்கூடப் பயன்படுத்தினார்கள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆட்டிசத்தோடு வளர்ந்த பெரியவர்கள் கோபமாக எழுதுவதைப் புது ஆட்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன். என் தாளில் ஒரு வரி இது: குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, எழுந்து போனபோது, ட்ரெய்னி நிறுத்தினாரா, கையைப் பிடித்து உட்காரவைத்தாரா? இதில் தவறினால் மற்ற ஒன்பதும் சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை. இதற்குமேல் வாதாட எனக்கு நேரமில்லை.

இத்தனைக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஆர்பிடி ஒருவர் மாதத்தில் வேலை செய்யும் நேரத்தில் 5 சதவீதமாவது சூப்பர்விஷன் இருக்க வேண்டும் என்பது பிஏசிபி விதி. 100 மணி நேரத்துக்கு 5 மணி நேரம், அதுவும் குறைந்தபட்சம். புது ஆளுக்குப் போதவே போதாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மையத்தில் இதைக் கேட்டதற்கு "அந்த ஒரு மணி நேரத்துல இன்னொரு குழந்தைய பாத்துடலாமே" என்றார் உரிமையாளர். மூலையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு யாரும் ஃபீஸ் கட்டுவதில்லை, அதனால் அது அவர் கணக்கில் வேலையே இல்லை. ஆனால் பத்துக்குப் பத்து கிராஃப் மட்டும் வேண்டும்.

கஷ்டப்பட்டுப் பழக்கினால் என்ன ஆகிறது? பெங்களூர் போய்விடுகிறார்கள். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர், சம்பளம் இரண்டு மடங்கு. போகாதே என்று எந்த வாயால் சொல்வது? தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் மாவட்டங்கள் இரண்டும் பெங்களூருக்கு மாங்காய், தக்காளியோடு தெரபிஸ்டுகளையும் அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

அந்த அரூர்ப் பெண் அப்படிப் போகவில்லை, அலைச்சல் தாங்காமல்தான் நின்றாள். காலையும் மாலையும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாள். தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் நடுவே வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் ஓடியது, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மூடினார்கள். அதைத் திரும்பப் போடுகிறோம் என்று நான் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2019இல் அடிக்கல்கூட நாட்டினார்கள். அந்தப் பாதை அன்றைக்கே இருந்திருந்தால் மொரப்பூரிலிருந்து ஏறி வந்திருப்பாள், எனக்கு ஒரு நல்ல தெரபிஸ்ட் மிஞ்சியிருப்பாள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்று. வாரத்தில் ஒரு பிற்பகலாவது உங்கள் பெயரில் எந்தக் குழந்தையும் போடக் கூடாது. வாட்ஸாப்பில் சரி என்றால் போதாது, டைம்டேபிளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அந்த இரண்டு பேருக்கும் நான் சூப்பர்வைசர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்குப் பெற்றோர் வந்து கேட்கும்போது உங்கள் பேர்தான் அடிபடும். நான் சொன்ன பத்து வரித் தாள் வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், அனுப்புகிறேன். தருமபுரிப் பக்கம்தான் இருக்கிறீர்கள் என்றால் நேரில் வந்து ஒரு செஷன் உட்கார்ந்தே பாருங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று பெற்றோர் கூட்டம்.