வட்டம் மூன்றில், முக்கோணம் ஐந்தில்

கே: மகளுக்கு மூன்று வயது. வட்டம் போடுகிறாள், முக்கோணம் வரவேயில்லை.

ப: வராது. மூன்றில் வட்டம், நாலில் சதுரம், ஐந்தில் முக்கோணம், ஏறக்குறைய இதுதான் வரிசை. சாய்ந்த கோடு கைக்குப் பழகக் கொஞ்சம் நாளாகும். பார்த்ததும் முக்கோணம் என்று சொல்கிறாளா? இப்போதைக்கு அது போதும்.

கே: பையனுக்கு எப்போது டிரேஸிங், அதாவது புள்ளிக்கோட்டின்மேல் வரைவது, ஆரம்பிக்கலாம்?

ப: பையனுக்கு வயது இரண்டா ஐந்தா? வயதை எழுதுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது!

கே: பள்ளியில் தினமும் நாலைந்து புள்ளிக்கோட்டுத் தாள் தருகிறார்கள். எல்கேஜி மகன் பென்சிலைக் கண்டாலே அழுகிறான்.

ப: அழாமல் என்ன செய்வான்? இந்த ஜெராக்ஸ் தாள்களோடு எனக்குப் பல வருடத் தகராறு. நமக்குத்தான் அது சதுரம், குழந்தைக்கு அது வெறும் புள்ளிகள், ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தத்தித் தத்திப் போகிறான், மூலையில் திரும்புகிறோம் என்பதே மனதில் பதிவதில்லை. புள்ளிமேல் இருபது சதுரம் போட்டுவிட்டு வெறும் தாளில் ஒன்று போடச் சொன்னால் விழிக்கிற குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் விரல், பென்சில் கடைசியில்தான். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் போடட்டும். உப்புத்தாளில் வடிவம் வெட்டி அட்டையில் ஒட்டுங்கள், தடவிப் பார்க்கட்டும். அப்புறம் டம்ளர், தீப்பெட்டி, டிபன் பாக்ஸ் மூடி என்று எதையாவது கவிழ்த்து வைத்துச் சுற்றிக் கோடு போடட்டும். மாண்டிசோரி வகுப்பில் பத்து உலோக அச்சுகளை வைத்துச் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். விஜயதசமியன்று அரிசியில் விரலால் எழுத வைக்கிற நாம், மறுநாளே பென்சிலைத் திணித்துவிடுகிறோம்.

கே: செல்போன் ஆப்பில் அழகாக வரைகிறாளே?

ப: கண்ணாடியில் விரல் வழுக்கும், கைக்கு வேலையே இல்லை. கோடு விலகினாலும் நட்சத்திரம் கொடுக்கிற ஆப்கள் வேறு. ரவை மலிவு.

கே: சதுரத்தைச் சாய்த்து வைத்தால் டைமண்ட் என்கிறான்.

ப: எப்போதும் நேராகவே காட்டியிருப்பீர்கள். சதுர பிஸ்கட் ஒன்றைக் கையில் கொடுங்கள், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்னட்டும்.

கே: மூன்றரை வயது, கிரையானை முஷ்டியில் பிடிக்கிறான். கையைப் பிடித்துப் பழக்கலாமா?

ப: வேண்டாம், கையைப் பிடித்து இழுத்தால் வரைவது நீங்கள்தான், அவன் இல்லை. கிரையானை ஓர் அங்குலமாக உடைத்துக் கொடுங்கள். முஷ்டிக்கு இடமிருக்காது, விரல்கள் தானாக நுனிக்கு வரும். பென்சில்? மேலே சொன்னேனே, கடைசியில்.