குழாயில் வளையம் மாட்டினால் தண்ணீர் சூப்பர்ஃப்ளூயிட் ஆகாது

கோத்தகிரி வாசகர் ஒருவர், ஓடைத் தண்ணீரை மோட்டார் வைத்து ஒன்றரை இஞ்ச் குழாயில் மேட்டிலுள்ள தன் விடுதிக்கு ஏற்றுகிறார். 'குவாண்டம் சுழல் வளையம்' மாட்டினால் தண்ணீர் சூப்பர்ஃப்ளூயிட் மாதிரி, அதாவது கடுங்குளிரில் பிசுக்கே இல்லாமல் போகும் திரவம் மாதிரி, உராய்வே இல்லாமல் ஓடும், விலை 38,000, பாதி முன்பணம் என்கிறாராம் ஏஜென்ட். சூப்பர்ஃப்ளூயிடில் கொந்தளிப்பே கிடையாதாமே, உண்மையா என்று கேட்கிறார்.

முதலில், முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கொந்தளிப்பு சூப்பர்ஃப்ளூயிடிலும் உண்டு, ஆனால் ஜாதி வேறு. டீ டம்ளரை ஸ்பூனால் கலக்கிப் பாருங்கள். பெரிய சுழல் சின்னச் சின்னதாக உடைந்து, கடைசியில் திரவத்தின் பிசுக்கில் சூடாகிக் கரைந்துவிடும், அதில் எந்தச் சுழலுக்கும் இவ்வளவுதான் வலிமை என்ற கணக்கில்லை. சூப்பர்ஃப்ளூயிட் ஹீலியத்தில் சுழல் எல்லாமே ஒரே வலிமை, மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு தடிமனுள்ள இழைகள். அவை மெதுவாக நீர்த்துப்போக முடியாது, சிக்கிய நூல்கண்டு மாதிரி பின்னிக்கொண்டு, வெட்டுப்படும் இடத்தில் ஆள் மாற்றி ஒட்டிக்கொள்ளும். 1955இல் இயற்பியலாளர் ஃபெயின்மன் சொன்ன இந்த இழைகளை, 2006இல் அமெரிக்காவில் உறைந்த ஹைட்ரஜன் துகள்களைத் தூவிப் படமெடுத்தார்கள்.

உராய்வில்லை என்பதும் மெதுவாக ஓடும்வரைதான். ஒரு வேகத்தைத் தாண்டினால் இழைகள் முளைக்கும், ஹீலியத்தில் சூப்பர்ஃப்ளூயிட் ஆகாமல் மிச்சமிருக்கும் சாதாரணப் பங்கோடு அவை உரசும், இழுவை வந்துவிடும். இதை ஏஜென்ட் சொல்லமாட்டார். பலமாகக் கலக்கினால் அந்த நூல்கண்டு தூரத்திலிருந்து பார்க்க உங்கள் ஓடை மாதிரியேதான் கொந்தளிக்கும், அதையும் சொல்லமாட்டார்.

இத்தனையும் மைனஸ் 271 டிகிரிக்குக் கீழே, ஹீலியத்துக்கு. தண்ணீர் அதற்கு ரொம்ப முன்னாலேயே கல்லாகிவிடும், ஊட்டியின் உறைபனிக்கே விடிகாலைக் குழாய் அடைத்துக்கொள்கிறதே!

மானியம் வரும் என்றும் ஏஜென்ட் சொன்னாராம். எழுத்தில் வாங்குங்கள், அத்தோடு ஆள் காணாமல் போவார். போன வருடம் இப்படி ஒரு காந்த வளையத்தைப் பற்றிப் புகார் கொடுக்கப் போனேன், மூன்று அலுவலகமும் 'இது எங்கள் பிரிவு இல்லை' என்றே திருப்பி அனுப்பின, மூன்றாவதில் ஜெராக்ஸ் செலவும் என் தலையில்.

சரி, உங்கள் மோட்டாருக்கு வருவோம். மேட்டுக்குத் தூக்கும் சக்தியை எந்த வளையமும் குறைக்காது. உராய்வுதான் கவலையென்றால் இரண்டு இஞ்ச் குழாய் போடுங்கள், அதே தண்ணீருக்கு உராய்வு இழப்பு ஏறக்குறைய கால்வாசியாகும். தேவையில்லாத எல்போ வளைவுகளை எடுங்கள், அப்புறம் ஓடைக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் தேயிலைச் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.