குட்டைக்குள் மர மேடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்துக் குட்டையில் பரிசலில் ஏறி இறங்க, கழற்றி மாட்டும் மேடை ஒன்று போட ஆசை. வெட்டிய சில்வர் ஓக் கைவசம் கிடக்கிறது. போதுமா? (ஏற்காடு)

மிதிக்கும் பலகைக்குப் போடுங்கள், சில வருடத்தில் மாற்ற வேண்டிவரும் என்று தெரிந்தே. காலுக்கு வேண்டாம். முழுக்க மூழ்கிய மரம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. காற்றில்லாமல் பூஞ்சை வளராது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நனைந்து நனைந்து காயும் அந்த ஒரு சாண்தான் முதலில் உளுக்கும். அதனால் காலுக்கு ஜிஐ பைப், அடியில் சேற்றில் புதையாமல் ஒரு தகடு.

சட்டத்துக்குத் தேக்கு அல்லது வேங்கை. வைரம், அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பகுதி மட்டும்; ஓரத்து வெள்ளை ஒட்டியிருந்தால் செதுக்கி எறிந்துவிடுங்கள். வேங்கை என்றால் முதல் மழையில் டீத்தண்ணீர் நிறத்தில் சாயம் ஒழுகும். பயப்பட வேண்டாம், சர்க்கரை நோய்க்காக வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிக்கிறார்களே, அதே சாயம்தான். ஆனால் சாதா இரும்பு ஆணி அடித்தால் அதைச் சுற்றிக் கறுத்துப்போகும். எவர்சில்வர் ஸ்க்ரூ வாங்குங்கள். பலகைக்குப் பலகை சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி விடுங்கள்.

கேள்வி: 8க்கு 4 அடியில் ஒரே துண்டாகச் செய்தால் இரண்டு பேர் தூக்க முடியுமா?

முடியாது. ஒரு அங்குலப் பலகையும் சட்டமும் சேர்ந்தால் தேக்கு காய்ந்திருக்கும்போதே 70 கிலோ வரும், நனைந்தால் கேட்கவே வேண்டாம். சட்டம் தனி, பலகைத் தட்டு தனி.

கேள்வி: மேட்டூர் அணைப் பக்கம் தண்ணீர் ஏறி இறங்குகிறதே?

120 அடி வரை நிரம்பும் அணையில் கால் ஊன்றுவது வீண்வேலை. மிதவைதான் சரி. 200 லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம் பாதி மூழ்கினால் ஏறக்குறைய 100 கிலோ தாங்கும், மேடையின் எடையையும் அதில்தான் கழிக்க வேண்டும். அணையோரம் என்றால் முதலில் அனுமதி, அப்புறம் மரம்.

கேள்வி: வழுக்காமல் இருக்கப் பழைய இன்ஜின் ஆயில் பூசலாமா? எப்போது கழற்றுவது?

ஆயிலா? மீனுக்கு விஷம், உங்களுக்கு இன்னும் வழுக்கும். பாசியைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகப் பூசுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் கழற்றி, கொட்டகையில் செங்கல் மேல், நடுவே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்குங்கள். நான் முதல் மேடையைப் பத்திரமாகத் தார்ப்பாயில் சுற்றிவைத்தேன். பொங்கல் கழித்துப் பிரித்தால் பலகை இடுக்கெல்லாம் காளான்.