‘95 விழுக்காடு வேலை’ என்று எழுதியிருந்தால்…

கேள்வி: என் மகளுக்கு இரண்டு சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைக்கும் நிலை உள்ளது. ஒன்று தரவரிசையில் முன்னே நிற்பது. ஆனால் பெருங்கடன் வாங்கினால்தான் கட்டணம் செலுத்த முடியும். மற்றொன்று அவ்வளவு பெயர் பெற்றதன்று, உதவித்தொகை தருகிறது. இரண்டின் கையேட்டிலும் ‘95 விழுக்காடு மாணவர்களுக்கு வேலை’ என்றே அச்சிட்டிருக்கிறார்கள். வேலைவாய்ப்பைக் கருதினால் எதில் சேர்ப்பது?

பதில்: இரண்டு கையேட்டிலும் ஒரே எண் இருப்பதால், அந்த எண்ணைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். முதலில் கேட்க வேண்டியது, எத்தனை பேரில் 95 விழுக்காடு என்பதே. ஒரு வகுப்பில் 120 பேர் பட்டம் பெற்றதாகவும், அவர்களுள் 60 பேர் மட்டுமே வளாக நேர்காணலுக்குப் பெயர் கொடுத்ததாகவும், 57 பேருக்கு வேலை கிடைத்ததாகவும் வைத்துக்கொள்வோம். 57-ஐ 60-ஆல் வகுத்தால் 95 விழுக்காடு வரும். 120-ஆல் வகுத்தால் 47.5 தான். பெயர் கொடுக்காதவர்கள் எல்லோரும் வேலையின்றி இருக்கிறார்கள் என்று பொருளல்ல. மேற்படிப்புக்குப் போயிருக்கலாம், மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்திருக்கலாம். பெயர் கொடுக்காத அந்த 60 பேரைப் பற்றி விசாரித்தால் கல்லூரியிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கையேட்டைவிட அந்தப் பதில் அதிகம் சொல்லும்.

அடுத்தது, என்ன வேலை என்பது. வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர் மட்டுமே செய்யக்கூடிய பணியும், சட்டப் பட்டம் இருந்தால் நல்லது என்ற அளவிலான பணியும், பட்டத்துக்குத் தொடர்பே இல்லாத பணியும் ஒரே கூட்டுத்தொகைக்குள் அடங்கிவிடும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஏற்பு பெற்ற கல்லூரிகள், பட்டம் முடிந்து ஏறத்தாழ 10 மாதங்களுக்குப் பின் தம் மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை இவ்வாறு வகை பிரித்து ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். முழுநேரப் பணியா, ஓராண்டேனும் நீடிக்கும் பணியா, கல்லூரியே தன் பணத்தில் ஊதியம் கொடுத்து அமர்த்திய பணியா என்பதற்கும் அந்த அட்டவணையில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. 2008-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, வேலைக் கணக்கைக் காட்டி ஏமாற்றிவிட்டதாக அந்நாட்டுப் பட்டதாரிகள் பலர் தம் கல்லூரிகள் மீதே வழக்குத் தொடுத்தார்கள். பெரும்பாலானவை தள்ளுபடியாயின, 2016-இல் நடுவர் குழு (ஜூரி) வரை சென்ற ஒரு வழக்கிலும் கல்லூரியே வென்றது. (சட்ட மாணவர்களுக்கு இதைவிடக் கசப்பான செய்முறைப் பாடம் கிடைத்திருக்காது.)

இந்தியாவில், மத்திய அரசு வெளியிடும் தேசிய நிறுவனத் தரவரிசையில் (என்.ஐ.ஆர்.எஃப்.) கலந்துகொள்ளும் கல்லூரிகள் வேலை பெற்றோர் எண்ணிக்கை, மேற்படிப்புக்குச் சென்றோர் எண்ணிக்கை, இடைநிலை ஊதியம் ஆகியவற்றை அளிக்கின்றன. அனைவரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறும் தொகையே இடைநிலை ஊதியம். ஓரிருவர் பெறும் பெருந்தொகை சராசரியை உயர்த்துவதைப் போல இதை உயர்த்திவிடாது. ஆனால் வேலை கிடைத்தவர்களை மட்டுமே வரிசையில் நிறுத்துகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இனி உங்கள் மகளின் விருப்பம். பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்கள் குறிப்பிட்ட சில கல்லூரிகளிலேயே ஆள் எடுக்கும் வழக்கம் உடையவை. அவள் நாடுவது அதுவென்றால் முதல் கல்லூரியின் பெயருக்கு விலை உண்டு. நீதிமன்றத்தில் வாதாட விரும்பினால், ஜூனியரின் தொடக்க ஆண்டு வருமானம் மிகச் சிறியது, நிலையற்றதும்கூட. கடன் தவணையோ மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும். அந்தத் தவணைக்காகவே பிடிக்காத வேலையில் உட்கார்ந்துவிட்டவர்கள் பலர். அவளுக்கு வழக்காடுவதில் நாட்டம் இருந்தால், நான் தயங்காமல் இரண்டாவது கல்லூரியைச் சொல்வேன். ஆனால் உதவித்தொகைக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால்தான் அடுத்த ஆண்டும் தொடரும் என்ற நிபந்தனை இருந்தால், கடந்த ஆண்டுகளில் எத்தனை பேர் அதை இழந்தார்கள் என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் சட்டம் படித்தால் எங்கும் வேலை பார்க்கலாம் என்கிறார்களே?

பதில்: மருத்துவத்தில் உடல் எங்கும் ஒன்றே, சட்டம் அப்படியன்று, எல்லை தாண்டினால் மாறிவிடும். வெளிநாட்டில் பட்டம் பெற்ற இந்தியர் இங்கு வழக்கறிஞராகப் பதிவு செய்ய வேண்டுமானால், அப்பட்டத்தை இந்திய வழக்கறிஞர் கழகம் ஏற்றிருக்க வேண்டும். தகுதித் தேர்விலும் தேற வேண்டும். இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்னும் வகை வழக்கறிஞராக, 2021 முதல் நடைபெறும் பொதுத் தகுதித் தேர்வோடு ஈராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். எந்த நாட்டில் தொழில் செய்வது என்று முடிவு செய்யுங்கள். கல்லூரியை அதற்குப் பின் தேடலாம்.

கேள்வி: நான் நீதிபதியாக விரும்புகிறேன். எந்தக் கல்லூரி நல்லது?

பதில்: நீதிபதிப் பணிக்கான தேர்வில் கல்லூரியின் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால், தொடக்க நிலை உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே நீதிமன்றத்துக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கும், மாணவர்களை மூத்த வழக்கறிஞர்களிடம் பயிற்சிக்கு ஒழுங்காக அனுப்பும் கல்லூரியைப் பாருங்கள். அந்த மூன்றாண்டுகள் யாரிடம் பணியாற்றுவது என்ற கேள்விக்கு விடை அங்கிருந்தே கிடைக்கக்கூடும்.