ரத்தக் கழிச்சல் கண்ட குட்டிக்கு ராத்திரியில் என்ன கொடுப்பது?

கேள்வி: ஐயா, ஆட்டுப்பட்டிக் காவலுக்குச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கி ஒரு வாரம் ஆகிறது. இரண்டரை மாதம், 3 கிலோ இருக்கும். நேற்றிலிருந்து வாந்தி. இன்று சாயங்காலம் ரத்தமாகக் கழிகிறது, நாற்றம் தாங்கவில்லை. மெடிக்கலில் கழிச்சல் மாத்திரையும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். டாக்டரைக் காலையில்தான் பார்க்க முடியும். இப்போது எதைக் கொடுக்க? ஆடுகளுக்குத் தொற்றுமா? (உசிலம்பட்டி வட்டார வாசகர்)

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள். கழிச்சலைக் கட்டும் மாத்திரை குடலை முடக்கி நஞ்சை உள்ளேயே தங்கவைக்கும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குட்டியின் எடையைக்கூடக் கேட்காமல் மாத்திரையை நறுக்கிக் கொடுப்பது வைத்தியமல்ல, வியாபாரம். குடற்பூச்சி மருந்தும் இப்போது வேண்டாம்.

பார்வோ (நாய்க்குட்டியின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) போலத் தெரிகிறது, பரிசோதித்தால்தான் உறுதி. குட்டி வேகமாகச் சாய்வது உடம்பில் நீர் வற்றுவதால்தான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஊசி மாட்டாத சிரிஞ்சில் 5 மில்லி எடுத்து, கால் மணிக்கு ஒரு தரம் கடைவாயோரம் மெள்ள விடுங்கள். தலையை அண்ணாத்தி ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். மறுபடி கக்கினால் நிறுத்திவிடுங்கள்; இனி ட்ரிப்ஸ்தான். பால், சோறு கூடாது. தள்ளாடினால் ஈறில் குளுக்கோஸ் கரைசல் தடவி, சாக்கில் படுக்கவைத்துக் கதகதப்பாக வையுங்கள். வாய் தொங்கி எச்சில் வடிந்தால் வாய்க்குள் கை விடாதீர்கள், வெறிநோயாகவும் இருக்கலாம்.

ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்காவிட்டால், அல்லது ஈறே வெளிறியிருந்தால், காலைவரை பொறுக்காதீர்கள். இரவிலும் பார்க்கும் கால்நடை மருத்துவரை போனில் கேட்டுக்கொண்டு மதுரைக்குக் கிளம்புங்கள்.

ஆடுகளுக்குத் தொற்றாது. பக்கத்து நாய்களுக்குத் தொற்றும்.

நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன்: குட்டிக்கு எத்தனை தடுப்பூசி போட்டிருந்தது? தொற்றி 3 முதல் 7 நாளில் நோய் வெளியே தெரியும் என்பதால், விற்ற இடத்திலேயே ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். விற்பவர்கள் 45 நாளில் ஒன்றைக் குத்திவிட்டு "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்பார்கள். அந்த ஒன்றை நம்பவே கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் மிச்சமிருந்தால் தடுப்பு மருந்தையே முறித்துவிடும். அது எந்த வாரம் தேயும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவேதான் 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறோம். மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். அதைச் சட்டைப்பையில் போட்டு, நம்மூர் சித்திரை வெயிலில் பைக்கில் கொண்டுவந்து போட்டால் பச்சைத் தண்ணீரைக் குத்திய மாதிரிதான். தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர், பேட்ச் எண், காலாவதித் தேதி, மருத்துவர் கையெழுத்து எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். பேனாவில் கிறுக்கிய தேதி மட்டும் இருந்தால் ஊசியே போடாத குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி கிடந்த சிமெண்டுத் தரையைக் கழுவி அழுக்கை எடுத்த பிறகு, துணி வெளுக்கும் ஹைப்போ 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். மண் தரையில் இது பலிக்காது. கிருமி மாதக்கணக்கில் கிடக்கும். அடுத்த ஒரு வருஷத்துக்கு அந்தப் பட்டியில் ஊசி முடியாத குட்டியைக் கட்டாதீர்கள்.