பின்பக்கத்தைப் புரட்டாத மதிப்புரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாதம்தோறும் நண்பர்களுக்குப் பத்து அபுனைவு நூல்களைப் பரிந்துரைத்து எழுதுகிறேன். வரலாறு, அறிவியல், வாழ்க்கை வரலாறு, பொருளியல் எல்லாம் கலந்துதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, நட்சத்திர மதிப்பெண். யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. பட்டியலை எந்த வரிசையில் அமைக்கலாம்? இம்மாதப் பத்திகளை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எல்லாப் பத்திகளையும் வாசித்தேன். உழைப்பு தெரிகிறது, இவ்வளவு பரந்து வாசிப்பவர்கள் குறைவு. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவை மதிப்புரைகள் அல்ல, பின்னட்டை வாசகங்கள். நூல் சொன்னதை நம்பி, அதையே சுருக்கித் தந்திருக்கிறீர்கள். நட்சத்திரங்களைத் தூக்கிப் போடுங்கள். வரிசை எப்படியும் இருக்கட்டும்.

அபுனைவு நூலை முதலில் பின்பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். குறிப்புகள், துணைநூற்பட்டியல், சொல்லடைவு மூன்றும் இருக்கின்றனவா? மொழிபெயர்ப்பு என்றால் மூலத்தில் இருந்த குறிப்புகளை வெட்டிவிட்டார்களா? பிறகு, நூலில் உங்களை மிகவும் வியக்கவைத்த ஒரு கூற்றை எடுத்து அதன் குறிப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். மூல ஆய்வுக்கோ ஆவணத்துக்கோ போனால் நல்லது, அதன் சுருக்கத்தையாவது படித்துவிடுங்கள். இன்னொரு வெகுசன நூலுக்குப் போனால் ஆசிரியரும் உங்களைப் போலக் கேட்டதைச் சொல்பவர்தான். எங்குமே போகவில்லை என்றால் அதை மதிப்புரையில் எழுதுங்கள். அரை மணி நேர வேலை இது. இதைக்கூடச் செய்யாமல் ‘அவசியம் படியுங்கள்’ என்று எழுத என்ன உரிமை இருக்கிறது?

உங்கள் பட்டியலிலேயே உளவியலாளர் டேனியல் கானமனின் ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ (2011) இருக்கிறது. முதுமை தொடர்பான சொற்களைப் பார்த்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்ற சோதனையை மெச்சியிருக்கிறீர்கள். அது நான்காம் அத்தியாயம். அந்தச் சோதனையைப் பிறர் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்ததில் 36 சதவீதம்தான் புள்ளியியல் ரீதியாகத் தேறின. சிறிய மாதிரிகளைக் கொண்ட ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017இல் கானமனே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டைப் பார்த்து, அதற்குப் பிறகு அத்துறையில் என்ன நடந்தது என்று தேடியிருந்தால் உங்களுக்கே கிடைத்திருக்கும்.

இதனால் நூல் வீணாகிவிடாது. இழப்பையும் ஆதாயத்தையும் நாம் எப்படி எடைபோடுகிறோம் என்பது பற்றி சக உளவியலாளர் ஆமோஸ் ட்வெர்ஸ்கியுடன் சேர்ந்து கானமன் செய்த வேலை நான்காம் பகுதியில் வருகிறது. அங்கிருந்து தொடங்குங்கள், நான்காம் அத்தியாயத்தை ஐயத்தோடு படியுங்கள் என்று எழுதுங்கள். பரிந்துரை அதுதான்.

மற்ற வகைகளுக்கும் சோதனைகள் உண்டு. வாழ்க்கை வரலாறு என்றால் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் யார் கொடுத்தார்கள், குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதப்பட்டதா? பொருளியல் நூலில் வரைபடத்தின் செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா, தொகைகளில் பணவீக்கம் கழிக்கப்பட்டிருக்கிறதா? வரலாறு என்றால் ஆசிரியர் எந்த மொழி ஆவணங்களை நேரடியாக வாசித்தார்?

பத்து நூல் வேண்டாம். மாதத்துக்கு மூன்று. ஒவ்வொன்றுக்கும் யாருக்கானது, முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும், எந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம் என்று எழுதி அனுப்புங்கள்.