ஒவ்வோர் இணைப்புக்கும் பத்து வினாடி: சர்வர் யாருக்காகக் காத்திருக்கிறது?

கேள்வி: சி மொழியில் ஒரு சின்ன டிசிபி சர்வர் எழுதி லினக்ஸில் ஓட்டுகிறேன். வந்து இணையும் கருவிகளின் ஐபி எண்ணையும் போர்ட் எண்ணையும் லாகில் பெயராகக் காட்ட, கெட்நேம்இன்ஃபோ ஃபங்ஷனை அழைக்கிறேன். பெயருக்கு 30 பைட் பஃபர் கொடுத்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒழுங்காக ஓடியது. வாடிக்கையாளர் இடத்தில் வைத்ததும் ஒவ்வோர் இணைப்புக்கும் சரியாகப் பத்து வினாடி நின்றுவிடுகிறது. சர்வீஸ் பெயர் வர வேண்டிய இடத்தில் 51844 போல ஏதோ ஓர் எண் வருகிறது. அலுவலகச் சோதனையிலேயே எப்போதாவது ‘பிழை: சக்சஸ்’ என்றும் லாகில் விழுந்தது. எங்கே தவறு? பெயரைப் பார்த்து யாரை உள்ளே விடுவது என்று முடிவுசெய்யும் யோசனையும் இருக்கிறது. சரிப்படுமா?

பதில்: ‘சரியாகப் பத்து’ என்று எழுதினீர்களே, அதுதான் துப்பு. லினக்ஸில் பெயர் தேடும் நூலகம் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் (பெயருக்கு எண்ணையும் எண்ணுக்குப் பெயரையும் சொல்லும் சர்வர்) கேட்டுவிட்டு 5 வினாடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் இன்னொரு முறை கேட்கும். ஐந்தும் ஐந்தும் பத்து. அந்த இடத்தில் அநேகமாக ஒரே ஒரு டிஎன்எஸ் சர்வர்தான் அமைத்திருக்கிறார்கள், அது உங்கள் கேள்விக்கு வாயே திறப்பதில்லை. இரண்டு இருந்து இரண்டும் ஊமையாக இருந்தால் இருபது வினாடி ஆகியிருக்கும்.

நீங்கள் அந்த ஃபங்ஷனை அழைத்ததும் நடப்பது இதுதான். முதலில் இடிசி கோப்புறையில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பை, அதாவது அந்த இயந்திரத்திலேயே உள்ள பெயர்-எண் பட்டியலைப் பார்க்கும். அதில் இல்லையென்றால் 192.168.1.40 என்ற முகவரியைத் திருப்பிப் போட்டு, 40.1.168.192 என்பதன் பின்னால் ‘இன்-ஆடர்.ஆர்ப்பா’ என்று ஒட்டி, அதற்கு பிடிஆர் பதிவு (எண்ணுக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவு) உண்டா என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். ‘அப்படி ஒரு பெயர் கிடையாது’ என்று பதில் வந்தால் பிரச்சினையே இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும், உங்களுக்கும் எண்ணையே எழுத்தாகத் தந்துவிடும். ‘இல்லை’ என்ற பதிலால் தாமதம் வராது, பதிலே வராததால்தான் வரும். உள்வலை முகவரிகளைப் பற்றிய கேள்விகளை ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் இடங்கள் உண்டு. அந்த இயந்திரத்தில் உட்கார்ந்து, ‘டிக்’ கட்டளையில் ‘-எக்ஸ்’ போட்டு ஒரு கருவியின் முகவரியைத் தேடிப் பாருங்கள். அதுவும் பேச்சுமூச்சில்லாமல் நின்றால் சந்தேகம் தீர்ந்தது.

இந்த ஃபங்ஷனில் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல், ‘இவ்வளவு நேரம்தான் காத்திரு’ என்று சொல்ல இதில் இடமே இல்லாததுதான். பெயர் தேடலுக்கான அமைப்புகள் உள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம், ஆனால் அது அந்த இயந்திரத்தில் ஓடும் எல்லா நிரல்களையும் பாதிக்கும். உங்கள் சர்வர் ஒற்றைத் திரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்தபடி ஓடுகிறது என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒருவருக்குப் பெயர் தேடும் பத்து வினாடியும் வரிசையில் உள்ள எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே இணைப்பு வந்த கையோடு நியூமெரிக்ஹோஸ்ட், நியூமெரிக்சர்வ் என்ற இரண்டு ஃபிளாக்குகளையும் சேர்த்து அழையுங்கள். வலையைத் தொடாமல் எண்ணை எழுத்தாக மாற்றித் தரும், அதை லாகில் எழுதுங்கள். பெயர் வேண்டுமென்றால் தனித் திரெட்டில் தேடி, கிடைத்ததைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதே வேலையைச் செய்த பழைய கெட்ஹோஸ்ட்பைஅட்ரஸ் ஃபங்ஷன் போலில்லாமல், பல திரெட்டுகளிலிருந்து அழைத்தாலும் கெட்நேம்இன்ஃபோ குழம்பாது. என்னைக் கேட்டால் அதுகூட வேண்டாம், லாகைப் படிக்கும் நேரத்தில் தேடிக்கொண்டால் போதும். அப்பாச்சி வெப் சர்வர் 1.3 பதிப்பிலிருந்தே பெயர் தேடுவதை இயல்பாக அணைத்துவைத்து, பிற்பாடு லாகில் பெயர் சேர்க்க லாக்ரிசால்வ் என்று தனிக் கருவி தருகிறது. தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலில், 2015-இல் வந்த 6.8 பதிப்பிலும் இந்தத் தேடல் இயல்பாக அணைக்கப்பட்டது.

அப்புறம் 51844. அது உங்கள் சர்வருடைய போர்ட் அல்ல, எதிர்முனையுடையது. இணையப் போகும் இயந்திரம் அந்த நேரத்துக்கென்று ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் அது வழக்கமாக 32768 முதல் 60999 வரையில் ஏதாவது ஒன்று. அதற்கு என்ன பெயர் இருக்கும்? பெயர் உள்ளது உங்கள் பக்கத்துப் போர்ட்டுக்குத்தான், அது எதுவென்று உங்களுக்கே தெரியும்! போர்ட் பெயர்கள் டிஎன்எஸ்ஸிலிருந்து வருவதில்லை, சர்வீசஸ் என்ற கோப்பிலிருந்து வருகின்றன. சுருக்கிக் கட்டிய கன்டெய்னர் பலவற்றில் அந்தக் கோப்பே இருக்காது. டிசிபி-க்குப் பதிலாக யுடிபி என்ற மற்றொரு நெறிமுறையில் ஓடும் சர்வர் என்றால் டிகிராம் ஃபிளாக்கை மறக்காதீர்கள். 514 என்ற எண் டிசிபி-யில் ‘ஷெல்’, யுடிபி-யில் ‘சிஸ்லாக்’.

‘பிழை: சக்சஸ்’ நகைச்சுவைக்குக் காரணம், பெரர் என்ற ஃபங்ஷனை அழைத்துப் பிழையை அச்சிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கெட்நேம்இன்ஃபோ தன் பிழை எண்ணைத் தானே திருப்பித் தரும், அதை காய்_ஸ்ட்ரெரர் ஃபங்ஷனிடம் கொடுத்தால்தான் சரியான வாசகம் கிடைக்கும். பெரர் பார்ப்பது எர்நோ என்ற பொதுவான பிழை எண்ணை. சிஸ்டம் பிழை என்ற ஒரு வகையைத் தவிர மற்ற நேரங்களில் அதில் இருப்பது எதற்கும் சம்பந்தமில்லாத பழைய மிச்சம். பிழைக்கு மூலகாரணம் அந்த 30 பைட்டாகத்தான் இருக்கும். டிஎன்எஸ் பெயர் 253 எழுத்து வரை போகலாம், ஐபிவி6 எண்ணை எழுதவே 46 பைட் தேவைப்படும். பெயருக்கு 1025, சர்வீஸுக்கு 32 என்று தலைப்புக் கோப்பில் மாறிலிகள் இருக்கின்றன, அவற்றையே பயன்படுத்துங்கள்.

பெயரைப் பார்த்து உள்ளே விடுவது மட்டும் வேண்டாம். பிடிஆர் பதிவை எழுதுபவர் அந்த ஐபி எண்ணை வைத்திருப்பவர்தான். வீட்டுக்காரரே வாசலில் மாட்டிக்கொள்ளும் பெயர்ப்பலகை மாதிரி. ‘கலெக்டர் பங்களா’ என்று எழுதி மாட்டினாலும் தடுக்க ஆளில்லை. இன்னும் விஷமமாக, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘10.0.0.5’ என்று எண்ணையே எழுதிவைத்தால் உங்கள் லாக் ஏமாந்துவிடும். கிடைத்த பெயரை மறுபடி கெட்அட்ரஸ்இன்ஃபோவில் (பெயரிலிருந்து ஐபி எண் தேடும் ஃபங்ஷன்) தேடி, அதே ஐபி திரும்ப வருகிறதா என்று பார்ப்பது ஓரளவு உதவும். ஆனால் அவ்வளவு சுற்றியும் கடைசியில் நம்புவது ஐபி எண்ணைத்தானே? அனுமதியை ஐபி வரம்பை வைத்துக் கொடுங்கள், கருவிகள் தாங்குமானால் கருவி யாரென்று மறையாக்க முறையில் நிரூபிக்கும் டிஎல்எஸ் சான்றிதழ் வைத்துக் கொடுங்கள்.

லாகில் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக நின்றால், கருவிகளுக்கு மாறாத ஐபி எண் கொடுத்து, ஒவ்வொன்றின் பெயரையும் அந்த இயந்திரத்தின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவிடுங்கள். முதலில் பார்ப்பது அதைத்தான் என்பதால் டிஎன்எஸ் வரை போகாது. பட்டியலில் இல்லாத புதுக் கருவி ஒன்று வந்தால் அந்தப் பத்து வினாடி திரும்ப வரும், அதனால் இப்படிச் செய்தாலும் தேடலைத் தனித் திரெட்டிலேயே வையுங்கள்.